சிறிய அறுவை சிகிச்சை இரத்தக் குழாய்களையும் இதயத்தையும் பாதிக்குமா?

செம்பூரில் வசிக்கும் உங்கள் தந்தைக்கு ஹெர்னியா அறுவை சிகிச்சை முடிவாகியிருப்பதாகவும், அரை நாள் வேலைதான் என்று சொல்லப்படும் அது அவருடைய இதயத்தைப் பாதிக்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மும்பையில் மயக்க மருந்து மருத்துவராகப் பணியாற்றும் எனக்கு, ஏறக்குறைய வாரந்தோறும் தமிழிலேயே வரும் கேள்வி இது.

பாதிப்பு உண்டு, பெரும்பாலும் சில நாட்களில் அது சரியாகிவிடும். இரத்தக் குழாயின் உட்புறத்தை ஒரே அடுக்காகப் போர்த்தியிருக்கும் எண்டோதீலியம் என்ற செல்கள் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரந்து குழாயைத் தளர்த்துகின்றன. இரத்தம் தேவையின்றி உறையாமலும் காக்கின்றன. இந்த வாயுவின் பணியைக் கண்டறிந்ததற்காகவே 1998இல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. கத்தி பட்ட இடம் சிறியதாயினும், அங்கு எழும் அழற்சியின் வேதிப்பொருட்கள் உடல் முழுவதும் சுற்றி வருவதால், தொலைவில் உள்ள குழாய்களின் தளரும் திறனும் சற்றுக் குறைகிறது. கையில் பட்டையை இறுக்கி 5 நிமிடம் இரத்த ஓட்டத்தை நிறுத்தி, விட்டதும் தமனி எவ்வளவு விரிகிறது என்பதை அல்ட்ராசவுண்டில் அளந்து இதைக் கண்டறிகிறார்கள்.

இதில் என்னை மிகவும் கவர்ந்தது பல் ஈறு பற்றிய ஆய்வு. கடுமையான ஈறு நோய் உள்ள 120 பேரிடம் நடத்தப்பட்டு 2007இல் வெளியான அந்த ஆய்வில், தீவிர ஈறு சிகிச்சை பெற்றவர்களுக்கு மறுநாள் குழாய்களின் செயல்பாடு மோசமாகியிருந்தது. ஆனால் 6 மாதம் கழித்துப் பார்த்தபோது, சாதாரண சிகிச்சை பெற்றவர்களைக் காட்டிலும் அவர்களுடைய குழாய்களே நன்றாக விரிந்தன. ஆகவே, தற்காலிகச் சரிவுக்கு அஞ்சித் தேவையான சிகிச்சையைத் தள்ளிப்போடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

கவலைப்பட வேண்டியவர்கள் ஏற்கெனவே ஸ்டென்ட் (இதயத் தமனி அடைபடாமல் உள்ளே பொருத்தும் சிறு வலைக்குழாய்) வைத்தவர்கள், நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள், புகைபிடிப்பவர்கள். சென்ற ஆண்டு என்னிடம் வந்த ஒரு பெரியவர், "ரத்தம் அதிகம் போய்விடும் என்று மருமகன் மாத்திரையை நிறுத்தச் சொன்னார்" என்றார். ஸ்டென்டுக்குள் இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை அது; ஸ்டென்ட் வைத்து 3 மாதமே ஆகியிருந்தது! மாத்திரையை மீண்டும் தொடங்கச் செய்து, அவசரமில்லாத அந்த அறுவையை ஒத்திவைத்தோம். அதே நேரத்தில், ஸ்டென்ட் இல்லாதவருக்கு முன்னெச்சரிக்கை என்று ஆஸ்பிரினைப் புதிதாகத் தொடங்குவதும் தவறு. 2014இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் அது மாரடைப்பைக் குறைக்கவில்லை, இரத்தக் கசிவைத்தான் கூட்டியது. எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதை இதய மருத்துவரும் அறுவை மருத்துவரும் பேசி முடிவு செய்யட்டும்.

அறுவைக்குப் பிந்தைய முதல் 3 நாட்களில் தந்தையின் அருகில் யாராவது இருங்கள். வலி மாத்திரைகள் நெஞ்சுவலியை மறைத்துவிடக்கூடும் என்பதால் மூச்சுத்திணறல், குளிர்ந்த வியர்வை, மயக்கம், காரணமில்லாத களைப்பு ஆகியவற்றையும் கவனியுங்கள். வாயுத் தொல்லை என்று ஓமத் தண்ணீர் கொடுத்துக் காத்திராமல், உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று இசிஜியும், இதயத் தசை பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று காட்டும் ட்ரோபோனின் இரத்தப் பரிசோதனையும் செய்யச் சொல்லுங்கள்.