புல்தரைக்கு மாட்டெரு போடலாமா?

கேள்வி: கோவையில் வீட்டு முன்புறம் 400 சதுர அடியில் கொரியன் புல் வைத்திருக்கிறோம். இதுவரை யூரியாதான். இப்போது பக்கத்துத் தோட்டத்தில் மாட்டெரு கிடைக்கிறது. போட்டால் களை மண்டும், நாற்றம் அடிக்கும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: மக்காத எருவைப் போட்டால் இரண்டும் நடக்கும். மாடு தின்ற புல் விதைகள் சாணத்தில் உயிரோடு வரும். பச்சைச் சாணத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா புல்லைக் கருக்கும். குவியலின் உட்சூடு 55 டிகிரியைத் தாண்டிச் சில நாட்கள் நின்று, அவ்வப்போது கிளறியும் விட்டிருந்தால் பெரும்பாலான விதைகள் செத்துவிடும். மூலையில் வெறுமனே கொட்டிக் காய்ந்த சாணம் மக்கிய எரு ஆகாது.

வாங்கும் முன் குவியலுக்குள் கையை விட்டுப் பாருங்கள். சூடு இருக்கக் கூடாது. வைக்கோலோ சாண உருண்டையோ அடையாளம் தெரியக் கூடாது. ஒரு கைப்பிடியை ஈரமாக்கி பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, மூன்று நாள் கழித்துப் பிரியுங்கள். மழை பெய்த மண் வாசனை வந்தால் நல்ல எரு. மூக்கில் ஏறினால் இன்னும் ஒன்றிரண்டு மாதம் மக்கட்டும்.

எருவைச் சலித்துத்தான் போட வேண்டும். கட்டி விழுந்த இடத்தில் புல் மூச்சுமுட்டி மஞ்சளாகும். வெள்ளைப் புழுக்கள் இருந்தாலும் சல்லடையில் சிக்கிவிடும். முதலில் புல்லை வெட்டுங்கள், காய்ந்த எருவைத் தூவுங்கள், விளக்குமாற்றால் தேய்த்து உள்ளே இறக்குங்கள், உடனே தண்ணீர் விடுங்கள். உங்கள் இடத்துக்கு இரண்டு சாக்கு, சுமார் 60 கிலோ போதும். தூவி முடித்தபின் புல் நுனி எங்கும் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் அதிகம் போட்டுவிட்டீர்கள். ஜூனில் ஒரு முறை, செப்டம்பரில் ஒரு முறை போடலாம். அடைமழை நாளில் வேண்டாம், எல்லாம் சாக்கடைக்குப் போய்விடும்.

கோரைக் களை முளைத்தால் அதற்கு எருவைக் குறை சொல்லாதீர்கள். அது பெரும்பாலும் செம்மண் லோடோடு கிழங்காக வந்து சேருகிறது. மண்ணையும் சலித்துப் பாருங்கள்.

யூரியா போட்டதும் வரும் பச்சையை எருவில் எதிர்பார்க்க முடியாது. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. மாட்டெருவில் அரை சதவீத அளவுதான், அதுவும் மெதுவாகத்தான் கிடைக்கும். ஆனால் மண் பொலபொலப்பாகி ஈரம் பிடித்து நிற்பது எருவால்தான், யூரியாவால் அது நடக்காது. அதனால் யூரியாவை ஒரேயடியாக நிறுத்தாமல் படிப்படியாகக் குறையுங்கள். கோழி எரு கிடைத்தால் இதே அளவில் போட்டுவிடாதீர்கள். சத்தும் காரமும் பல மடங்கு, புல் கருகிவிடும்.