கட்டையா, மனிதனா? – கடிதமும் பதிலும்

வணக்கம்.

8 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்காக ஒரு பேய்க்கதை எழுதினேன். வகுப்பில் வாசித்துக் காட்டியபோது, பேய் வருகிற இடத்தில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சிவந்த கண், விரிந்த கூந்தல், நீண்ட நகம் என்று 16 வரிகளில் வர்ணித்திருந்தேன். இந்த வயதுக்கு எவ்வளவு ரத்தம் காட்டலாம்? முடிவு மகிழ்ச்சியாகத்தான் இருக்க வேண்டுமா? கதையை இணைத்திருக்கிறேன்.

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

கதையை இரண்டு முறை வாசித்தேன். பிள்ளைகள் முகத்துக்கு நேரே வாசித்துப் பார்த்தீர்களே, அந்தத் துணிச்சல் எனக்குப் பிடித்திருக்கிறது. சிரித்ததற்காக வருந்தாதீர்கள்.

ஆனால் அந்த 16 வரிகளுக்காக உங்களைத் திட்டத்தான் வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்கு அந்தப் பேயை நன்றாகத் தெரியும். அட்டைப்படத்தில் பார்த்திருக்கிறது, முகமூடியாகப் போட்டு விளையாடியிருக்கிறது. தெரிந்த முகம் வந்தால் சிரிக்காமல் என்ன செய்யும்? ரத்தக் கேள்வியை விட்டுவிடுங்கள். அதில் வருவது அருவருப்பு, அச்சமே இல்லை.

சில வாரங்களாக என் மனதில் ஓடிக்கொண்டிருப்பது வேறு விஷயம். எர்ன்ஸ்ட் யென்ட்ஷ் என்ற ஜெர்மன் மனநல மருத்துவர் 1906ல் ஒரு கட்டுரை எழுதினார். உயிருள்ளதா, இல்லாததா என்று தீர்மானிக்க முடியாத பொருளைக் கண்டால்தான் நமக்கு உள்ளுக்குள் சில்லிடுகிறது என்றார். 1919ல் உளப்பகுப்பாய்வாளர் ஃபிராய்ட் அந்தக் கருத்தோடு முரண்பட்டு எழுதினார். இருந்தாலும் கதை எழுதுகிறவர்களுக்கு யென்ட்ஷ் சொன்னதுதான் உதவும். இதே சந்தேகத்தை நம் இலக்கணக்காரர்கள் எப்போதோ தொட்டுவிட்டார்கள். தொல்காப்பியம் உயர்திணையா அஃறிணையா என்ற ஐயத்துக்கு விதி சொல்கிறது. உரையாசிரியர்கள் காட்டும் உதாரணம் ‘குற்றிகொல்லோ மகன்கொல்லோ’. தூரத்தில் தெரிவது கட்டையா, மனிதனா? ஒரு பேய்க்கதைக்கு இது போதும்.

தமிழில் ‘அது’ என்பதற்கும் ‘அவள்’ என்பதற்கும் நடுவில் ஒரு கதவு இருக்கிறது. அந்தக் கதவைத் திறப்பதுதான் உங்கள் வேலை. பேயை உள்ளே கூட்டிவந்து உட்காரவைப்பது உங்கள் வேலையே இல்லை.

உங்கள் கதை சுமார் 1500 சொற்கள். முதல் 200 சொற்களுக்குள் இப்படி ஒரு வரி வரட்டும்: ‘கதவுக்குப் பின்னால் பள்ளிப்பையும் மழைக்கோட்டும் குடையும் தொங்கின.’ கோட்டு நடுவில்தான் இருக்க வேண்டும். பட்டியலின் கடைசிப் பொருள் மனதில் ஒட்டிக்கொள்ளும், பிள்ளை முன்கூட்டியே உஷாராகிவிடும். பிறகு 400 சொற்களுக்கு அதன் பேச்சே எடுக்காதீர்கள். அடுத்து: ‘மழைக்கோட்டு சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது.’ விளக்கம் எதுவும் வேண்டாம். அக்கா அதை நேராக மாட்டிவிட்டுப் படுக்கட்டும். அப்புறம் இருட்டில் தம்பியின் குரல்:

“அக்கா, அவங்க ஏன் இன்னும் தூங்கல?”

“யாரு, அம்மாவா?”

“அம்மா தூங்கிட்டாங்க.”

தம்பி பயப்படவே கூடாது. மரியாதையாக, பழகியவரைப் பற்றிக் கேட்பதுபோலக் கேட்க வேண்டும். ‘ஐயோ, பேய்!’ என்று அவன் அலறினால் ஐயம் அங்கேயே செத்துவிடும். நீங்களும் அவன் பின்னால் போய் ‘அவள் நின்றாள்’ என்று எழுதிவிடாதீர்கள். பலரும் சறுக்குவது இங்கேதான். கதைசொல்லி திணையைத் தீர்த்துவிட்டால் மிச்சமிருப்பது வெறும் துரத்தல்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. தமிழில் எழுவாயை மறைத்தாலும் வினைமுற்று காட்டிக்கொடுத்துவிடும், நின்றது, நின்றாள். அதனால் அந்த ஒரு பக்கத்துக்கு முற்றுவினையைக் குறைத்து, திணை காட்டாத சொற்களைத் தேடுங்கள். ‘நின்ற’, ‘குனிந்து’ போன்ற எச்சங்களுக்குத் திணை கிடையாது. இல்லை, உண்டு, வேறு ஆகியவை இரண்டு திணைக்கும் பொது. ஐயம் வந்தால் ‘உரு’ என்று சொல்லச் சொல்வதும் பழைய இலக்கணம்தான். அக்கா எழுந்து பார்க்கிற இடத்தில் வாக்கியங்களை நீளமாக ஓடவிட்டு, பத்தியின் கடைசியில் மூன்று சொல் வையுங்கள்: ‘கொக்கியில் மழைக்கோட்டு இல்லை.’ முற்றுப்புள்ளி போதும், ஆச்சரியக்குறி வேண்டாம். ‘திடீரென்று’ என்ற சொல் உங்கள் கதையில் ஒன்பது இடங்களில் வருகிறது. அது வந்த உடனே பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு தயாராகிவிடும். ‘தடதட’, ‘கிறீச்கிறீச்’ எல்லாம் சந்தம் போட்டுச் சிரிக்கவைக்கும். ஒற்றைச் சத்தம் வரட்டும், அதன்பின் இரண்டு வரி மௌனம், மறுபடியும் அதே சத்தம்.

முடிவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இந்த வயதுக்குத் தப்பிக்க ஒரு வழி திறந்திருக்க வேண்டும், ஆனால் பெரியவர்கள் வந்து காப்பாற்றக் கூடாது. பித்தான்களை எல்லாம் போட்டுவிட்ட இரவில் கோட்டு அசையவில்லை என்பதைக் கதையின் பாதிக்குள் அக்காவே கவனித்திருக்கட்டும், கடைசியில் அதைக்கொண்டே அவள் ஜெயிக்கட்டும். ஆபத்து நீங்கியது என்று நீங்கள் ஒரு வரிகூட எழுத வேண்டாம். விடிந்ததும் தம்பி கதவைக் காட்டி, “அக்கா, அது கீழ விழுந்து கிடக்குது” என்று சொல்லட்டும்.

அந்த 16 வரிகளையும் அடித்துவிட்டு மறுபடியும் அனுப்புங்கள்.

அன்புடன்.