கோள்களைத் தேடிச் சென்ற ஆளில்லா விண்கலங்கள்: கேள்வி பதில்

சூரியக் குடும்பத்துக் கோள்களுக்கு அனுப்பப்பட்ட ஆளில்லா விண்கலங்களைப் பற்றி உறுப்பினர்கள் பலர் கேட்டிருந்த கேள்விகளில், ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்துவிட்டு எஞ்சியவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: வேறொரு கோளை முதன்முதலில் அருகில் சென்று படம் எடுத்த விண்கலம் எது? அந்தக் காலத்தில் படம் எப்படிப் பூமிக்கு வந்து சேர்ந்தது?

பதில்: அமெரிக்காவின் மரைனர் 4. அதற்கு முன்பே, 1962 டிசம்பரில், மரைனர் 2 வெள்ளிக் கோளைக் கடந்து சென்று அதன் வெப்பத்தை அளந்துவிட்டது. ஆனால் அதில் கேமரா இல்லை. மரைனர் 4 1965 ஜூலையில் செவ்வாயைக் கடந்தபோது 21 முழுப் படங்களையும் 22ஆவது படத்தின் ஒரு பகுதியையும் எடுத்து, காந்த நாடாவில் பதிந்து வைத்துக்கொண்டது. ஒரு படம் என்பது 200 வரிகள். ஒவ்வொரு வரியிலும் 200 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சமும் 0 முதல் 63 வரையிலான ஓர் எண். அந்த எண்களை நொடிக்கு எட்டு பிட் என்ற வேகத்தில்தான் கலத்தால் அனுப்ப முடிந்தது என்பதால், ஒரு படம் வந்து சேரவே எட்டு மணி நேரம் ஆயிற்று.

கலிபோர்னியாவின் ஜெட் புரபல்ஷன் ஆய்வகத்தில் இருந்த பொறியாளர்களுக்கு நாடாக் கருவி சரியாக வேலை செய்ததா என்ற கவலை இருந்தது. கணினி எண்களைப் படமாக்கித் தரும்வரை காத்திராமல், எண்கள் அச்சாகி வந்த காகிதப் பட்டைகளை ஒரு பலகையில் வரிசையாக ஒட்டி, வண்ணக்கட்டிகள் வாங்கிவந்து, இந்த எண்ணுக்கு இந்த நிறம் என்று வகுத்துக்கொண்டு கையாலேயே தீட்டினார்கள். பழுப்பும் சிவப்பும் மஞ்சளுமாகச் செவ்வாயின் விளிம்பு அந்தப் பலகையில்தான் முதலில் தெரிந்தது. கோள் ஆராய்ச்சியின் வரலாற்றில் என் மனத்துக்கு மிக நெருக்கமான காட்சி இதுவே. பின்னர் வந்த படங்களில் நிலவில் இருப்பதைப் போன்ற பள்ளங்களே நிறைந்திருந்தன. காற்றும் பூமியின் காற்றழுத்தத்தில் நூறில் ஒரு பங்குகூட இல்லை என்று தெரிந்தது. செவ்வாயில் செடிகொடிகள் இருக்கக்கூடும் என்று நம்பியிருந்தவர்களுக்கு அது பெரிய ஏமாற்றம்.

கேள்வி: சனிக்குப் போக வேண்டிய கலம் ஏன் வியாழன் வழியாகப் போகிறது? நேராகப் போனால் தூரம் குறையும் அல்லவா?

பதில்: தூரம் குறையலாம், ஆனால் அந்த வேகத்தைக் கொடுக்க ராக்கெட்டில் அவ்வளவு எரிபொருளை ஏற்ற முடியாது. எதிரே வரும் ரயிலின் முகப்பில் ஒரு ரப்பர் பந்தை எறிந்தால், எறிந்த வேகத்தைவிடக் கூடுதல் வேகத்தோடு அது திரும்பும். ரயிலின் ஓட்டத்தில் ஒரு துளி பந்துக்குப் போய்விடுகிறது. கலம் வியாழன்மேல் மோதுவதில்லை, அதன் ஈர்ப்பில் வளைந்து வெளியேறுகிறது என்பதைத் தவிர, நடப்பது இதுதான். 1970களின் இறுதியில் புறப்படும் கலம் வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன் நான்கையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடலாம் என்பதை 1965இல் கேரி ஃப்ளாண்ட்ரோ என்ற பொறியாளர் கணக்கிட்டுக் காட்டினார். அத்தகைய வாய்ப்பு ஏறக்குறைய 175 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வரும். 1977இல் புறப்பட்ட வாயேஜர் 2 அந்த வழியில் சென்று நான்கு கோள்களையும் பார்த்தது.

புதனுக்குப் போவதில் சிக்கல் நேர்மாறானது. சூரியனை நோக்கி விழ விழக் கலத்தின் வேகம் கூடிக்கொண்டே போவதால், அங்கே வேகத்தைக் குறைக்கத்தான் கோள்களின் உதவி வேண்டும். மெசஞ்சர் கலம் பூமியை ஒருமுறையும் வெள்ளியை இருமுறையும் புதனை மூன்று முறையும் கடந்து, புறப்பட்டு ஆறரை ஆண்டுகளுக்குப் பிறகே, 2011 மார்ச்சில், புதனின் சுற்றுப்பாதையில் நுழைய முடிந்தது.

கேள்வி: செவ்வாயில் இத்தனை ரோவர்கள் ஓடியிருக்கும்போது, அதைவிடப் பக்கத்தில் வரும் வெள்ளியில் ஏன் ஒன்றுகூட இல்லை?

பதில்: வெள்ளியின் தரையில் வெப்பம் ஏறக்குறைய 460 டிகிரி செல்சியஸ், ஈயம் உருகி ஓடும் சூடு. காற்றழுத்தம் பூமியில் இருப்பதைப் போல் தொண்ணூறு மடங்கு, அதாவது கடலுக்கடியில் 900 மீட்டர் ஆழத்தில் இருப்பதற்குச் சமம். சாதாரண மின்னணுக் கருவிகள் அங்கே தாங்குவதில்லை. இருந்தும் சோவியத் பொறியாளர்கள் விடாமல் முயன்றார்கள். அந்த உழைப்பு இன்று போதிய அளவு நினைக்கப்படுவதில்லை என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. 1970 டிசம்பரில் இறங்கிய வெனெரா 7இன் பாராசூட் பழுதாகி, கலம் தரையில் பலமாக மோதியது. சமிக்ஞை நின்றுபோனதாகவே முதலில் எண்ணினார்கள். பிறகு பதிவு நாடாக்களை நுணுகி ஆராய்ந்தபோது, இரைச்சலுக்கு அடியில் இயல்பான வலிமையில் நூறில் ஒரு பங்காக, 23 நிமிட நேரத்துக்கு அதன் குரல் பதிவாகியிருந்தது. வேறொரு கோளின் தரையிலிருந்து மனிதர் பெற்ற முதல் செய்தி அதுதான். 1975இல் வெனெரா 9 அந்தத் தரையைப் படம் எடுத்து அனுப்பியது. 32 நிமிடம் தாங்கினால் போதும் என்று வடிவமைக்கப்பட்ட வெனெரா 13 1982 மார்ச்சில் 127 நிமிடம் உயிரோடிருந்து, தட்டையான பாறைப் பலகைகள் கிடக்கும் தரையை வண்ணத்தில் காட்டியது.

கேள்வி: சூரிய ஒளியே மங்கிப்போகும் தொலைவில் கலங்களுக்கு மின்சாரம் எங்கிருந்து கிடைக்கிறது?

பதில்: வியாழனில் சூரிய ஒளி பூமியில் இருப்பதில் இருபத்தைந்தில் ஒரு பங்குதான், வியாழனுக்குச் சென்ற ஜூனோ கலம் மிகப் பெரிய சூரியத் தகடுகளை விரித்து அதிலேயே சமாளித்தது. அதற்கு அப்பால் புளூட்டோனியம் 238 தன் சிதைவில் வெளியிடும் வெப்பத்தை மின்சாரமாக்கும் கருவிதான் கைகொடுக்கும். வாயேஜர் கலம் ஒவ்வொன்றுக்கும் புறப்படும்போது இருந்தது ஏறக்குறைய 470 வாட்; நம் சமையலறை மிக்சிகள் பல அதைவிட அதிகம் இழுக்கும். ஆண்டுக்கு நான்கு வாட் வீதம் அதுவும் குறைந்து வருவதால், கருவிகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வருகிறார்கள்.

கேள்வி: நான் ரேடியோ, டிவி பழுதுபார்க்கும் தொழில் செய்தவன். கையால் தொட முடியாத ஒரு பெட்டியை, அத்தனை தூரத்திலிருந்து எப்படி ஐயா சரிசெய்கிறார்கள்?

பதில்: உங்களைப் போன்றவர்களுக்கு உடனே விளங்கக்கூடிய கதை ஒன்று இருக்கிறது, ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். பூமியிலிருந்து ஒரு வாரம் கட்டளை எதுவும் வராவிட்டால், தன் ரிசீவர்தான் பழுதாகிவிட்டது என்று எண்ணிக்கொண்டு மாற்று ரிசீவருக்கு மாறும்படி வாயேஜர் 2இல் ஏற்பாடு இருந்தது. 1978 ஏப்ரலில், குழுவினர் வாயேஜர் 1இன் சிக்கலில் மூழ்கியிருந்தபோது அந்த ஒரு வாரம் கடந்துவிட்டது. கலம் மாற்று ரிசீவருக்கு மாறியது. அந்த ரிசீவரிலோ, வரும் அலையைப் பின்தொடர்ந்து தன்னைத்தானே டியூன் செய்துகொள்ளும் சுற்றில் இருந்த ஒரு கெபாசிட்டர் செத்துக் கிடந்தது. மீண்டும் முதல் ரிசீவருக்கு மாறியதும் சற்று நேரத்தில் அதுவும் நிரந்தரமாக அணைந்தது. எஞ்சியது, மிகக் குறுகிய ஓர் அதிர்வெண் பட்டையை மட்டுமே கேட்கக்கூடிய, பாதிச் செவிடான காது ஒன்றுதான்.

ரேடியோவை டியூன் செய்ய முடியாதென்றால், நிலையத்தை டியூன் செய்ய வேண்டும் அல்லவா? அதைத்தான் செய்தார்கள். பூமி தன்னைத்தானே சுற்றுவதாலும் சூரியனைச் சுற்றுவதாலும் கலத்தின் ஓட்டத்தாலும் அதிர்வெண் எவ்வளவு விலகும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு, கலத்தை அடையும்போது சரியான இடத்தில் விழும்படி, அனுப்பும் அலையை நொடிக்கு நொடி மாற்றிக்கொண்டே அனுப்பினார்கள். கலத்துக்குள் ஒரு கருவியை இயக்கினால்கூட ரிசீவரின் வெப்பம் சற்றே மாறி, அதன் காது வேறிடத்துக்கு நகர்ந்துவிடும். அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். அந்தக் காதும் ஒருநாள் கேட்காமல் போகலாம் என்பதற்காக, அடுத்த கோளில் செய்யவேண்டிய அடிப்படை வேலைகளைக் கலத்தின் கணினியிலேயே முன்னதாக ஏற்றி வைத்தார்கள். யுரேனஸையும் நெப்டியூனையும் நாம் பார்த்தது இந்த ஒற்றைக் காதின் துணையோடுதான்.

அண்மைக் கதை வாயேஜர் 1இனுடையது. 2023 நவம்பரில் அது பொருளற்ற எண்களை அனுப்பத் தொடங்கியது. தரவுகளைத் தொகுக்கும் கணினியின் ஒரு நினைவகச் சில்லு கெட்டிருந்தது. அதில் இருந்த நிரலை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும். முழுவதையும் வைக்கும் அளவுக்கு ஒரே இடமாகக் காலியிடம் எங்கும் இல்லை. ஆகவே அதைத் துண்டு துண்டாகப் பிரித்து, கிடைத்த இடங்களில் வைத்து, துண்டுகள் ஒன்றையொன்று கண்டுகொள்ளும்படி முகவரிகளைத் திருத்தி எழுதினார்கள். கட்டளை போய்ச் சேர 22 மணி நேரத்துக்கு மேல், பதில் வர அதே அளவு நேரம். 2024 ஏப்ரல் 18இல் அனுப்பினார்கள். 20ஆம் தேதி கலத்தின் நலம் பற்றிய செய்தி ஒழுங்காக வந்தது.

கேள்வி: அலகு தவறியதால் ஒரு கலமே அழிந்தது என்று ஆசிரியர் வகுப்பில் சொன்னார். உண்மையா?

பதில்: உண்மை. 1999 செப்டம்பரில் செவ்வாயை அடைந்த மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்தான் அது. உந்துகருவிகளின் தள்ளுதலை ஒரு தரப்பின் மென்பொருள் பவுண்டுக் கணக்கில் எழுதியது. பெற்றுக்கொண்ட தரப்பு அதை நியூட்டன் கணக்காக எடுத்துக்கொண்டது. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் ஏறக்குறைய நாலரை மடங்கு வித்தியாசம். பல மாதங்களாகச் சிறிது சிறிதாகச் சேர்ந்த பிழை, கலத்தைச் செவ்வாயின் காற்றுக்குள் மிகத் தாழ்வாகக் கொண்டுபோய்விட்டது. விடைத்தாளில் அலகு எழுதாததற்கு மதிப்பெண் குறைக்கும் ஆசிரியர் பக்கமே நான் நிற்பேன்.

கேள்வி: மங்கல்யானுக்கு 450 கோடி ரூபாய் செலவிட்டோம். அதனால் அறிவியலுக்கு என்ன கிடைத்தது?

பதில்: அது முதன்மையாக ஒரு தொழில்நுட்பச் சோதனை என்பதை மறந்துவிடக் கூடாது. 2013 நவம்பர் 5ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அதை ஏற்றிச் சென்ற பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டுக்கு நேராகச் செவ்வாய்க்கு அனுப்பும் வலிமை கிடையாது. பூமியைச் சுற்றவிட்டு, ஒவ்வொரு சுற்றிலும் எஞ்சினை இயக்கிப் பாதையைப் பெரிதாக்கி, டிசம்பர் 1ஆம் தேதி செவ்வாய் வழியில் தள்ளிவிட்டார்கள். அந்த எஞ்சின் அதன்பின் ஏறக்குறைய 300 நாட்கள் உறங்கிவிட்டு மீண்டும் எரிய வேண்டும். வால்வுகள் திறக்குமா என்று அறிய, 2014 செப்டம்பர் 22இல் நான்கு நொடிகள் மட்டும் எரித்துப் பார்த்தார்கள். 24ஆம் தேதி 24 நிமிடம் எரிய வேண்டிய வேளையில், கலம் செவ்வாய்க்குப் பின்னால் மறைந்திருந்தது. சமிக்ஞை வர 12 நிமிடத்துக்கு மேலாகும் என்பதால் கட்டளைகள் அனைத்தும் முன்பே ஏற்றப்பட்டிருந்தன. முதல் முயற்சியிலேயே அது நிறைவேறியது. திட்ட இயக்குநராக இருந்த சுப்பையா அருணன் திருநெல்வேலி மாவட்டத்துக்காரர்.

அறிவியல் பயன் எளியதே என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. மீத்தேனைத் தேடச் சென்ற கருவி எதிர்பார்த்த முடிவைத் தரவில்லை. ஆனால் மிக நீண்ட பாதையில் சுற்றியதால் செவ்வாயின் முழு வட்டத்தையும் ஒரே சட்டத்துக்குள் அடக்கும் அழகிய படங்கள் கிடைத்தன. ஆறு மாதத்துக்கென்று செய்த கலம் 2022 வரை தொடர்பில் இருந்தது. என் கணக்கில் அந்தப் பணத்துக்கு இது குறைவான பலன் அன்று.

கேள்வி: வாயேஜரில் வைத்த தங்கத் தட்டில் தமிழ் இருக்கிறதா?

பதில்: இல்லை. வேற்றுலக உயிர்கள் கண்டெடுத்தால் கேட்கட்டும் என்று வைத்த அந்த இசைத்தட்டின் 55 மொழி வாழ்த்துகளில் தெலுங்கும் கன்னடமும் சிங்களமும் உண்டு, தமிழ் இல்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தை ஒட்டி, குறுகிய காலத்தில் கிடைத்தவர்களைக் கொண்டு பதிந்ததால் பல பெரிய மொழிகள் விடுபட்டன. எனக்கும் அது ஒரு குறைதான். இசைப் பகுதியில் இந்தியாவிலிருந்து இடம்பெற்றது இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்கர் பாடிய பைரவி.

கேள்வி: சனியைச் சுற்றி நன்றாக வேலை செய்துகொண்டிருந்த காசினி கலத்தை ஏன் சனிக்குள் விழச் செய்து அழித்தார்கள்?

பதில்: எரிபொருள் தீரும் நிலையில் இருந்தது. தீர்ந்துபோன கலத்தைத் திருப்ப முடியாது. என்றாவது அது எங்காவது போய் மோதும். 2005இல் என்சலடஸ் என்னும் சனியின் சிறு நிலவின் தென்துருவத்திலிருந்து நீராவியும் பனித்துகளும் பீறிட்டு வருவதைக் காசினியே கண்டறிந்தது. பிற்பாடு அந்தத் தாரைக்குள்ளேயே பறந்து, உப்பும் கரிமச் சேர்மங்களும் இருப்பதை அளந்தது. பனிக்கு அடியில் கடல் இருக்கிறது. பூமியிலிருந்து ஒட்டிக்கொண்டு போன நுண்ணுயிர் அந்தக் கடலில் கலந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் 2017 செப்டம்பர் 15இல் அதைச் சனியின் காற்றுக்குள் செலுத்தினார்கள். கடைசி நிமிடங்களில் காற்று கலத்தைப் புரட்டப் பார்க்க, சிறு உந்துகருவிகள் முழு வலிமையோடு எதிர்த்து, ஆன்டெனாவைப் பூமியின் பக்கமே பிடித்து வைத்திருந்தன. அந்தக் கடைசித் தரவு 83 நிமிடம் பயணம் செய்து கான்பெரா அருகிலுள்ள ஆன்டெனாவை அடைந்தபோது, கலம் எரிந்து முடிந்திருந்தது.

கேள்வி: இன்னும் சரியாகப் பார்க்கப்படாத கோள் எது?

பதில்: யுரேனஸும் நெப்டியூனும். இரண்டையும் வாயேஜர் 2 மட்டுமே, 1986 ஜனவரியிலும் 1989 ஆகஸ்டிலும், ஒவ்வொரு முறை கடந்துபோகும் வழியில் பார்த்திருக்கிறது. சுற்றி வந்து ஆராய்ந்த கலம் எதுவும் இல்லை. யுரேனஸ் பக்கவாட்டில் சாய்ந்து உருளும் கோள். சூரியனைச் சுற்ற 84 ஆண்டுகள் ஆகும். வாயேஜர் போனபோது அதன் நிலவுகளின் தென்பாதியில் மட்டுமே வெயில் இருந்தது. மிராண்டாவின் இருபது கிலோமீட்டர் உயரச் செங்குத்துப் பாறையைக் காட்டிய படங்களும் அந்தப் பாதியைச் சேர்ந்தவையே. வடபாதி இருளில் கிடந்தது. 2022இல் அமெரிக்க அறிவியலாளர்கள் வகுத்த பத்தாண்டுத் திட்டப் பரிந்துரையில், யுரேனஸைச் சுற்றும் கலம் ஒன்றுக்கே பெரிய திட்டங்களில் முதலிடம் கொடுத்தார்கள். 2007இல் நிலவுகளின் வடபாதியில் விடிந்த பொழுது இப்போது உச்சியை நெருங்கிக்கொண்டிருக்கிறது; ஏறக்குறைய 2049இல் அங்கே மீண்டும் இருள் சூழத் தொடங்கும். அங்கே வெயில் இருக்கிறது. அருகிலிருந்து பார்க்க ஒரு கேமரா இல்லை.