ஃபார்மட் பண்ணுவதற்கு முன்னால்: சில கேள்விகள்

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. அதிலிருந்து வரும் கேள்விகளில் பாதி 'புதிதாக ஓஎஸ் (விண்டோஸ் போன்ற இயங்குதளம்) போடலாமா' என்பதைச் சுற்றித்தான். ஓஎஸ் போடுவது அரை மணி, ஒரு மணி நேர வேலை. அதற்கு முன்னால் செய்ய வேண்டியதற்குத்தான் ஒரு நாள் ஒதுக்க வேண்டும். அதனால் பதில்களும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

கேள்வி: என் கோப்புகள் எல்லாம் டி டிரைவில் இருக்கின்றன. சி-யை மட்டும் ஃபார்மட் பண்ணினால் போதும்தானே? தனியாக பேக்கப் எதற்கு?

பெரும்பாலான கணினிகளில் சி, டி என்பவை இரண்டு டிஸ்க்குகள் அல்ல. ஒரே டிஸ்க்கில் நடுவே ஒரு தடுப்பு, அவ்வளவுதான். டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்தே போகும். விண்டோஸ் விசையையும் எக்ஸ்-ஐயும் சேர்த்து அழுத்தி, டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து பாருங்கள். இரண்டும் 'டிஸ்க் 0' வரிசையிலேயே இருந்தால் உங்களிடம் இருப்பது ஒரே டிஸ்க்.

அப்புறம், இன்ஸ்டாலர் திரையில் சி, டி என்ற எழுத்துகள் வராது. டிஸ்க் 0 பார்ட்டிஷன் 1, 2, 3 என்று எண்ணும் அளவும்தான் வரும். டிரைவுக்கு நீங்கள் ஒரு பெயர் வைத்திருந்தால் அதுவும் தெரியும், இன்றைக்கே வைத்துவிடுங்கள். என்னுடைய பழைய கணினியில் 1 டிபி டிஸ்க் இரண்டு இருந்தன. திரையில் இரண்டும் 931 ஜிபி. 'இதுதான்' என்று ஒன்றை டெலீட் பண்ணினேன். அது மற்றது. மூன்று வருடப் படங்கள் அதோடு போயின. இப்போதெல்லாம் ஓஎஸ் போட வேண்டிய டிஸ்க்கைத் தவிர மற்றதன் கேபிளைக் கழற்றிவிட்டுத்தான் உட்காருகிறேன்.

கேள்வி: பேக்கப்பில் எதையெல்லாம் எடுக்க வேண்டும்? டாக்குமென்ட்ஸும் படங்களும் போதாதா?

அந்த இரண்டையும் யாரும் மறப்பதில்லை. கண்ணில் படாதவைதான் விட்டுப்போகும்.

சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டருக்குள் உங்கள் பெயரில் இருக்கும் ஃபோல்டரை முழுதாக எடுங்கள். டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் எல்லாம் பொதுவாக அதற்குள்தான். ஆப்டேட்டா என்று ஒளிந்திருக்கும் ஒரு ஃபோல்டரும் அங்கேயே உண்டு. வியூ மெனுவில் 'ஹிடன் ஐட்டம்ஸ்' கொடுத்தால் வெளியே வரும். தண்டர்பேர்டு மெயில்களும் பயர்பாக்ஸ் புக்மார்க்குகளும் அதில் இருக்கின்றன. காப்பி பண்ணுவதற்கு முன் திறந்திருக்கும் நிரல்களை மூடிவிடுங்கள், இல்லையென்றால் சில கோப்புகள் வர மறுக்கும்.

குரோமில் சேமித்த பாஸ்வேர்டுகளுக்கு இந்த வழி உதவாது. பழைய விண்டோஸ் கணக்கின் சாவியால் அவை பூட்டப்பட்டிருப்பதால், ஃபோல்டரைக் கொண்டுபோய் புதிய விண்டோஸில் வைத்தாலும் திறக்காது. குரோமில் சிங்க் (இணையக் கணக்கோடு தானாக ஒத்திசைப்பது) போட்டிருக்க வேண்டும், அல்லது பாஸ்வேர்டு மேனேஜரிலிருந்து எக்ஸ்போர்ட் பண்ண வேண்டும். அந்தக் கோப்பில் பாஸ்வேர்டுகள் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி அப்படியே இருக்கும். வேலை முடிந்த கையோடு அழித்துவிடுங்கள்.

கணக்கு எழுதும் மென்பொருள்கள் தங்கள் தரவை வேறெங்காவது வைத்திருக்கலாம். தேடிக்கொண்டிருக்காமல், அவற்றுக்குள்ளேயே இருக்கும் பேக்கப் பட்டனை அழுத்துங்கள்.

நம்மவர்கள் வழக்கமாகக் கோட்டைவிடுவது எழுத்துருக்களில். பாமினி போன்ற யூனிகோட் அல்லாத எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகள் இருந்தால், அந்த எழுத்துருவையும் எடுத்து வையுங்கள். கோப்பு பத்திரமாக வந்து சேர்ந்திருக்கும். எழுத்துரு இல்லாமல் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஏதோ தெரியும். வைரஸ் என்று பயந்து அந்தக் கோப்பையே அழித்தவர்களை எனக்குத் தெரியும்.

எல்லாம் முடிந்ததும் பேக்கப் எடுத்த எக்ஸ்டர்னல் டிஸ்க்கை வேறொரு கணினியில் சொருகி நாலைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். பெரிய வீடியோ ஒன்றை நடுவிலிருந்து ஓட்டிப் பாருங்கள். இதைச் செய்யாத பேக்கப்பை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

கேள்வி: எல்லாம் ஒன்டிரைவில் இருக்கிறது. அது பேக்கப்தானே?

பாதி. அது சிங்க். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். தனிநபர் கணக்கில் ரீசைக்கிள் பின்னில் 30 நாள் இருக்கும், அதன் பிறகு இல்லை. இணையத்திலும் கணினியிலும் ஒட்டாமல் தனியாக அலமாரியில் கிடக்கும் ஒரு டிஸ்க்கில் இன்னொரு பிரதி இருக்கட்டும்.

கேள்வி: பிட்லாக்கர் கீ கேட்கும் என்கிறார்கள். நான் அப்படி எதையும் போட்டதே இல்லையே?

நீங்களாகப் போட்டிருக்க வேண்டியதில்லை. பிட்லாக்கர் என்பது டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. மைக்ரோசாஃப்ட் கணக்கு கொடுத்து செட்டப் செய்த பல கணினிகளில் டிஸ்க் பூட்டு தானாகவே விழுந்துவிடுகிறது. தினமும் பயன்படுத்தும்போது தெரியாது. பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே வரும் கணினியின் அமைப்புத் திரை) எதையாவது மாற்றினாலோ, டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினாலோதான் 48 இலக்க எண்ணைக் கேட்டு நிற்கும். அந்த எண் பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். இப்போதே உள்ளே போய்ப் பார்த்துக் காகிதத்தில் எழுதி வையுங்கள். அதே கணினியில் நோட்பேடில் சேமித்து வைப்பது, வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுகிற கதை.

டி டிரைவும் பூட்டப்பட்டிருந்தால் அதற்கு எண் வேறு. இதுவரை அதைத் தானாகத் திறந்துவிட்டது பழைய விண்டோஸ். புதிதாகப் போட்ட பிறகு டி-யைத் தொட்டால் எண் கேட்கும்.

கேள்வி: விண்டோஸ் திறக்கவே இல்லை. கோப்புகளை எப்படி எடுப்பது?

வேறொரு கணினியில் 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் உபுண்டு என்ற இலவச ஓஎஸ்ஸைப் போட்டுக்கொண்டு, அதிலிருந்து கணினியைத் தொடங்குங்கள் (பூட்). பென்டிரைவில் ஏற்கெனவே இருப்பது அழிந்துவிடும், பார்த்துக்கொள்ளுங்கள். 'ட்ரை உபுண்டு' மட்டும் போதும், இன்ஸ்டாலைத் தொட வேண்டாம். உங்கள் டிஸ்க் அங்கே ஃபோல்டராகத் தெரியும். எக்ஸ்டர்னல் டிஸ்க்கைச் சொருகி இழுத்துப் போடலாம். 'படிக்க மட்டும்தான் முடியும்' என்று வந்தால் கவலை வேண்டாம், நமக்குத் தேவை அதுதான். பிட்லாக்கர் இருந்தால் மேலே சொன்ன எண் இங்கும் வேண்டும்.

டிஸ்க்கிலிருந்து டிக், டிக் என்று சத்தம் வந்தால் மட்டும் இதைச் செய்யாதீர்கள். உடனே அணைத்துவிட்டு, தரவு மீட்பவரிடம் கொடுங்கள்.

கேள்வி: ப்ராடக்ட் கீ (விண்டோஸ் உரிம எண்) தொலைந்துவிட்டது. திரும்பப் போட்டால் ஆக்டிவேட் ஆகுமா?

இப்போது ஆக்டிவேட் ஆகித்தான் இருக்கிறதென்றால், பெரும்பாலும் ஆகும். செட்டப்பில் 'என்னிடம் கீ இல்லை' என்பதைக் கொடுத்து, முன்பிருந்த பதிப்பையே தேர்ந்தெடுங்கள். ஹோம் இருந்த இடத்தில் ப்ரோ போட்டால் ஆகாது. மதர்போர்டு மாற்றியிருந்தாலும் சிக்கல்தான்.

கேள்வி: இன்ஸ்டாலரில் டிஸ்க்கே தெரியவில்லை. செத்துவிட்டதா?

பயாஸில் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் சாகவில்லை. இன்டெல் 11-ஆம் தலைமுறை சிப்பிலிருந்து வந்த பல லேப்டாப்களில், ஸ்டோரேஜ் டிரைவர் இல்லாமல் இன்ஸ்டாலருக்கு டிஸ்க் கண்ணில் படாது. தயாரிப்பாளரின் தளத்திலிருந்து அந்த டிரைவரை இறக்கி, பிரித்து, அதே பென்டிரைவில் போட்டு, 'லோட் டிரைவர்' கொடுங்கள்.

கேள்வி: ஃபார்மட் பண்ணி ஓஎஸ் போட்டாயிற்று. இப்போதுதான் ஒரு ஃபோல்டரை எடுக்கவில்லை என்று தெரிகிறது. மீட்கலாமா?

முதலில் சி டிரைவில் 'விண்டோஸ்.ஓல்ட்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறதா பாருங்கள். ஃபார்மட் கொடுக்காமல் மேலேயே போட்டிருந்தால் பழைய கோப்புகள் அதற்குள் இருக்கும். பத்து நாளில் தானாகவே அழிந்துவிடலாம், அதனால் இன்றே எடுங்கள்.

அது இல்லை, டிஸ்க்கும் பழைய வகை ஹார்ட் டிஸ்க் என்றால், கணினியை அணைத்துவிடுங்கள். நீங்கள் இறக்கும் ஒவ்வொரு கோப்பும் பழையதன் மேல்தான் எழுதப்படும். டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு கணினியில் மாட்டி, போட்டோரெக் போன்ற இலவச நிரலால் தேடலாம். கிடைப்பதை அதே டிஸ்க்கில் சேமிக்காதீர்கள். பழைய பெயர்கள் பெரும்பாலும் திரும்பி வராது. ஆயிரக்கணக்கான கோப்புகளை உட்கார்ந்து பிரிக்க வேண்டியிருக்கும்.

எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத புதிய வகை டிஸ்க்) என்றால் வாய்ப்பு மிகக் குறைவு. அழித்த இடத்தை டிரிம் என்ற கட்டளை சீக்கிரமே காலி செய்துவிடும். அதில் நேரத்தைச் செலவழிப்பதைவிட, அந்தக் கோப்புகளை யாருக்காவது மெயிலில் அனுப்பினீர்களா, பழைய போனில் கிடக்கின்றனவா என்று தேடுங்கள்.