பதில்: கிளிமஞ்சாரோ மலை ஏற 5 நாள் மராங்கு பாதை போதுமா?

அப்பாவுக்கு லடாக்கில் தலைவலியும் வாந்தியும் வந்தது என்கிறீர்கள். அது உயரத்தால் வரும் நோயின் அறிகுறி. அப்படியென்றால் 5 நாள் திட்டத்தை விட்டுவிடுங்கள். 58 வயது இங்கே பிரச்சினையே இல்லை. ஏறும் வேகம்தான் பிரச்சினை. மராங்கு பாதையில் இரவு தங்கும் இடங்கள்: மந்தாரா குடில் 2,720 மீட்டர், ஹொரொம்போ 3,720, கிபோ சுமார் 4,700. 3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது. இதில் இரண்டு முறை ஆயிரம் ஆயிரமாக ஏறுகிறது! கிபோவில் சில மணி நேரம் படுத்துவிட்டு நள்ளிரவில் உச்சிக்குக் கிளம்ப வேண்டும்.

மராங்குதான் வேண்டுமென்றால் ஹொரொம்போவில் கூடுதலாக ஒரு இரவு தங்குங்கள். இன்னும் நல்லது 7 நாள் மச்சாமே பாதை: பகலில் 4,600 மீட்டர் உயரத்திலுள்ள லாவா டவர் பாறை வரை ஏறி, சுமார் 3,900 மீட்டருக்கு இறங்கித் தூங்குவீர்கள்.

உயர நோயைத் தடுக்கும் டயாமாக்ஸ் மாத்திரை பெரியவர்களுக்கு வழக்கமாக 125 மி.கி., தினம் இருவேளை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து. சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமையோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடவேண்டாம். விரல் நுனி மரத்துப்போகும், அடிக்கடி சிறுநீர் வரும், பயப்படவேண்டாம்.

உச்சிக்கு ஏறும் இரவில், முதுகுத் தண்ணீர்ப் பையின் உறிஞ்சு குழாய் உறைந்துவிடும். பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள், பனி பாட்டிலின் அடிப்பக்கம் பிடிக்கும், மூடி உறையாமல் திறக்கும்.

உயர நோய் முற்றுகிறதா என்று பார்க்க, அப்பாவை நேர்கோட்டில் குதிகாலும் விரலும் ஒட்ட நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்கினாலோ விடியும்வரை காத்திருக்காமல் உடனே கீழே இறக்குங்கள்.