கேனான் 80டி-யில் தொடர்ந்து படமெடுத்தால் நடுவில் நின்றுவிடுகிறது. 200 எம்பி வேகம் என்று போட்ட மெமரி கார்டு வாங்கினால் சரியாகுமா?

பாதி சரியாகும். எந்தப் பாதி என்று தெரிந்துகொண்டு காசைக் கொடுங்கள்.

கடையில் உங்களிடம் "கேமரா பழசு சார், மிரர்லெஸ்ஸுக்கு மாறிடுங்க" என்று சொல்லியிருப்பார்கள். எனக்கும் அதைத்தான் சொன்னார்கள். அந்தக் கோபத்தில்தான் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எழுத உட்கார்ந்தேன். 80டி 2016-இல் வந்த கேமரா. விநாடிக்கு 7 படம். மதுரைப் பக்கம் ஜல்லிக்கட்டுகளை இன்றைக்கும் நான் அதில்தான் எடுக்கிறேன்.

எடுத்த படம் நேராகக் கார்டுக்குப் போவதில்லை. முதலில் கேமராவுக்குள் இருக்கும் தற்காலிக நினைவகமான பஃபரில் சேரும், அங்கிருந்துதான் கார்டில் எழுதப்படும். 80டி-யில் ஒரு ரா படம், அதாவது சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு, 30 எம்பியை ஒட்டி வரும். விநாடிக்கு 7 என்றால் 200 எம்பி உள்ளே வருகிறது. ஆனால் அந்தக் கேமராவில் கார்டு போடும் ஸ்லாட் யுஎச்எஸ்-1 என்ற வேகத் தரத்தைச் சேர்ந்தது. அந்த வகைக்கு உச்ச வேகமே விநாடிக்கு 104 எம்பிதான். வரத்து ஆறாகவும் மடை ஒன்றாகவும் இருந்தால் கண்மாய் நிரம்பத்தானே செய்யும்? யுஎச்எஸ்-1 கார்டு போட்டால் ஏறக்குறைய 25 ரா படம் வரை தாங்கும் என்று கேனானே சொல்கிறது. அதாவது மூன்றரை விநாடி. எந்தக் கார்டைப் போட்டாலும் 7 என்பது 8 ஆகாது. நிரம்பிய பஃபர் எவ்வளவு சீக்கிரம் காலியாகிறது என்பதில்தான் கார்டின் வேலை இருக்கிறது.

அந்தச் சீக்கிரத்தின் அருமை எனக்குப் பாலமேட்டில் தெரிந்தது. மாட்டுப் பொங்கலன்று ஒரு ஸ்டுடியோவுக்காகப் போயிருந்தேன். கேமரா, கார்டு எல்லாம் அவர்கள் கொடுத்தது. பெரும்பாலான காளைகள் வாடிவாசலை விட்டு வந்த வேகத்தில் ஓடிவிடும். அன்று ஒரு மயிலைக் காளை ஓடவில்லை. கொம்பில் மண்ணோடு அங்கேயே நின்று விளையாடியது. பொத்தானை அழுத்தினேன், மூன்று விநாடி சடசடவென்று ஓடி அப்படியே நின்றது. வியூஃபைண்டரில் 'பிஸி'. பின்பக்கம் சிவப்பு விளக்கு எரிகிறது, அணையவே மாட்டேன் என்கிறது. ஒரு வீரர் திமிலைக் கட்டிக்கொண்டு மூன்று துள்ளல் தாங்கியதை வெறுங்கண்ணால்தான் பார்க்க முடிந்தது. விளக்கு அணைவதற்குள் அடுத்த காளையும் போய்விட்டது.

பக்கத்தில் நின்ற பத்திரிகைக்கார அண்ணன், "கார்டை எடுப்பா, பாப்போம்" என்றார். அடாப்டருக்குள் சொருகிய மைக்ரோ கார்டு. வட்டத்துக்குள் 10 என்பதைத் தவிர வேறு குறியே இல்லை. "இது போன்ல பாட்டு ஏத்துறதுக்குப்பா, இங்க ஆகாது" என்று தன் பையிலிருந்து ஒன்றைக் கொடுத்தார். அதே கேமரா, அதே வெயில். விளக்கு பத்து விநாடி போல எரிந்து அணைந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: நிரம்பிய பஃபர் என்பது 600, 700 எம்பி. விநாடிக்கு 10 எம்பி எழுதும் கார்டுக்கு அது ஒரு நிமிட வேலை.

திரும்பிப் போனதும் ஸ்டுடியோவில், "நீ பட்டனை அமுக்கிக்கிட்டே இருந்திருப்பே" என்று சம்பளத்தில் பிடித்தார்கள். அதைக்கூட விட்டுவிடலாம். அன்று அந்த அண்ணனின் கார்டில் எடுத்த ஒரு படம் இன்றைக்கும் பொங்கல் வந்தால் யூடியூப் வீடியோக்களின் முகப்பில் ஓடுகிறது. மூலையில் இருந்த என் பெயரை வெட்டிவிட்டுப் போடுகிறார்கள். கேட்டால் "நெட்ல கிடைச்சது" என்கிறார்கள். புழுதியிலும் வெயிலிலும் நாள் முழுக்க நின்று எடுத்தவனுக்கு ஒரு வரி பெயர் போட என்ன செலவு? சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

கார்டின் முன்னால் பெரிதாக அச்சடித்திருக்கும் எண் பெரும்பாலும் படிக்கும் வேகம். கணினிக்கு மாற்றும்போதுதான் அது உதவும், அதுவும் ரீடர் ஒத்துழைத்தால். உங்களுக்கு வேண்டியது எழுதும் வேகம். சான்டிஸ்க் எக்ஸ்ட்ரீம் புரோ 128 ஜிபியில் 200 என்று இருக்கும், எழுதும் வேகம் 90தான். 80டி-க்கு அது தாராளம். ஆங்கில யூ எழுத்துக்குள் 3, அல்லது வி30 என்ற குறி இருக்கிறதா பாருங்கள். இரண்டுக்கும் பொருள் ஒன்றே: தொடர்ந்து எழுதும்போது 30 எம்பிக்குக் கீழே இறங்காது. வி60, வி90 கார்டுகள் பெரும்பாலும் யுஎச்எஸ்-2 வகை. பின்பக்கம் இரண்டு வரிசைத் தகடு இருக்கும். உங்கள் ஸ்லாட்டில் அந்த இரண்டாவது வரிசை தொடவே தொடாது, காசுதான் வீண்.

கேமராவே சுருக்கித் தரும் ஜேபெக்கில் எடுத்தால் 100 படத்துக்கு மேல் போகுமே என்று யாராவது கீழே கருத்தில் வருவார்கள். போகும், மறுக்கவில்லை. ஆனால் வாடிவாசலுக்குள் இருட்டு, வெளியே உச்சி வெயில். நிழலில் நிற்கும் கருப்புக் காளையின் கண்ணை மீட்க எனக்கு ரா வேண்டும். வெளிச்சம் சீராக இருக்கும் விளையாட்டுப் போட்டி என்றால் நீங்கள் தாராளமாக ஜேபெக்குக்கு மாறுங்கள்.

அப்புறம், படத்தில் தெரியும் புள்ளிகளைக் குறைக்கும் ஹை ஐஎஸ்ஓ நாய்ஸ் ரிடக்‌ஷனை 'ஹை'-யில் வைத்திருந்தால் இறக்குங்கள், அதுவே பஃபரைச் சுருக்கிவிடும். லென்ஸின் வளைவைத் திருத்தும் டிஸ்டார்ஷன் கரெக்‌ஷனையும் அணையுங்கள். வியூஃபைண்டரின் வலது ஓரத்தில் இன்னும் எத்தனை படம் தாங்கும் என்று ஒரு எண் ஓடும். அதைப் பார்த்துக்கொண்டே நாலைந்து படமாக விட்டு விட்டு எடுங்கள்.

போலிக் கார்டு நிறைய உலவுகிறது. வாங்கிய அன்றே எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் முழுக் கொள்ளளவையும் எழுதிச் சோதியுங்கள். 128 என்று போட்டு உள்ளே குறைவாக இருந்தாலும், எழுதும் வேகம் சொன்னதைவிட மிகவும் குறைவாக இருந்தாலும் தெரிந்துவிடும். கேமராவில் ஃபார்மட் செய்வதெல்லாம் அதற்குப் பிறகு. ரிட்டர்ன் காலம் முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள்.