கால்சியம் ஏறும் நேரம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் மகள் மூன்று வருடமாக ஒரு கால்நடை மருந்தகத்தில் உதவி மருத்துவராக இருக்கிறாள். போன மாதம், கன்று ஈன்று படுத்துவிட்ட மாட்டுக்கு அவள் கால்சியம் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே மாடு இறந்துவிட்டது. மாட்டுக்காரர்கள் சூழ்ந்துகொண்டு கத்தியிருக்கிறார்கள். அன்றிலிருந்து தூக்கமில்லை. போன் அடித்தாலே பதறுகிறாள். 'மாடுதானேம்மா, விடு' என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். யோகா வகுப்பில் சேர்க்கலாமா? நகரத்தில் நாய், பூனை பார்க்கும் கிளினிக்குக்கு மாறினால் நிம்மதி கிடைக்குமா?

பெயர் வெளியிட விரும்பாத ஒரு தந்தை

அன்புள்ள நண்பருக்கு,

'மாடுதானே' என்று இன்னொரு முறை அவளிடம் சொல்லாதீர்கள். அந்த வீட்டுக்கு அந்த மாடுதான் சொசைட்டிப் பால் பணம், பிள்ளைகளின் ஃபீஸ். அது தெரிந்ததால்தான் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. ஆறுதல் என்று நினைத்து, அவளுடைய ஐந்தரை ஆண்டுப் படிப்பை ஒரு சொல்லில் சிறுமைப்படுத்திவிட்டீர்கள்.

யோகா செய்யட்டும், நல்லதுதான். நகரத்துக் கிளினிக்கில் கருணைக்கொலையும் கட்டணத் தகராறும் காத்திருக்கின்றன. அந்தப் பேச்சு பிறகு.

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். கால்சியம் ஏறும்போது அவள் போன் யாரிடம் இருந்தது?

கன்று ஈன்ற மாடு ரத்தத்தில் கால்சியம் குறைந்து படுத்துவிடுவதைப் பால் காய்ச்சல் என்பார்கள். காய்ச்சல் என்று பெயரே தவிர, அதில் உடல் சூடு குறையும். மாடு கழுத்தை விலாப்பக்கம் மடித்துக்கொண்டு கிடக்கும், காது சில்லிட்டிருக்கும். 450 மில்லி பாட்டிலை வெதுவெதுப்பாக்கி, கழுத்து ரத்தநாளத்தில் 15 நிமிடமாவது எடுத்து ஏற்ற வேண்டும். வேகம் கூடினால் அந்தக் கால்சியமே இதயத்தை நிறுத்திவிடும். அதனால் ஒரு கை பாட்டிலில், மறு கை நெஞ்சில் வைத்த ஸ்டெதஸ்கோப்பில். துடிப்பு தடுமாறினால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். அப்போது பையில் போன் அடிக்கிறது. அடுத்த ஊரில் ஈனும் மாட்டுக்குக் கன்றின் தலை உள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கிறது. பாட்டில் பிடித்த கை தன்னையறியாமல் உயர்கிறது. உயர உயர மருந்து வேகமாக இறங்குகிறது. காது துடிப்பை விட்டு மணியோசைக்குப் போய்விடுகிறது.

உங்கள் மகள் அப்படிச் செய்தாள் என்று நான் சொல்லவில்லை. எல்லாம் சரியாகச் செய்தும் மாடு போகும்: நெடுநேரம் கிடந்து இதயம் தளர்ந்த மாடு, கருப்பையில் சீழ் பிடித்து விஷமேறிய மாடு, காலையில் வேறொருவர் ஊசி போட்டதை வீட்டார் மறைத்த மாடு. ஆனால் போன் அடித்துக்கொண்டே இருந்திருந்தால், தான் அவசரப்பட்டோமா என்பது அவளுக்கே தெரியாது. இரவில் அரிப்பது அந்தச் சந்தேகம்.

அதனால் ஊசி குத்துமுன் 'ஏற்கெனவே யாராவது கால்சியம் போட்டாங்களா?' என்று கேட்கட்டும். 'ஏத்தும்போதே போகவும் வாய்ப்பிருக்கு' என்று வீட்டுப் பெரியவரிடம் சொல்லிவிடட்டும். போன் உதவியாளர் கையில் இருக்கட்டும். எந்த ஊர், மாடு நிற்கிறதா, எப்போது ஈன்றது, எவ்வளவு நேரமாக இப்படி என்று நான்கு கேள்வி அவர் கேட்டால் போதும். வயிறு உப்பல், கன்று மாட்டுதல், கருப்பை வெளித்தள்ளல் என்றால் அடுத்து அங்கேதான். நஞ்சுக்கொடி விழவில்லை, ஆனால் மாடு தீனி தின்கிறது என்றால் காலை வரை தாங்கும். ஏற்றத் தொடங்கிய நேரம், முடித்த நேரம், இதயத் துடிப்பு மூன்றையும் கொட்டகையிலேயே எழுதிவிட வேண்டும். நள்ளிரவில் விழித்துக்கொண்டு தன்னையே விசாரிக்கும்போது அவளுக்கு அந்தத் தாள்தான் சாட்சி.

இரவு அழைப்புகளைப் பக்கத்து மருந்தகத்தாரோடு வாரமுறை வைத்துப் பிரித்துக்கொள்ளலாம். புதியவர்கள் இதைக் கேட்கத் தயங்குவார்கள், சோம்பேறி என்று பெயர் வந்துவிடுமோ என்று. கேட்கச் சொல்லி அவளைத் தள்ளுங்கள்.

இதை மட்டும் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்: வாழப் பிடிக்கவில்லை என்ற சாயலில் ஒரு சொல் வந்தாலும் அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, எந்த நேரமும் கூப்பிடலாம். மயக்க மருந்துகள் உள்ள பை இரவில் மருந்தகத்துப் பூட்டுக்குள் இருக்கட்டும், வீட்டுக்கு வர வேண்டாம்.

இன்று சாப்பாட்டுக்குப் பிறகு அந்த மாட்டுக்கு என்ன ஆனது என்று அவளை முதலிலிருந்து சொல்லச் சொல்லுங்கள். நடுவில் பேசாதீர்கள்.